சிரித்த பிறகு கேட்க வேண்டியது: கேலிச்சித்திரமும் வடசென்னை வகுப்பறையும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு வினா உண்டு. ஒரு படம் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்து மாணவர் எழுத வேண்டும். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு மாலை நேர டியூஷன் சென்டருக்குள் நுழைந்தால் இதற்கான சூத்திரம் கிடைத்துவிடும். இந்தக் காட்சி என்னை எழுதத் தூண்டியது, என் மனம் நெகிழ்ந்தது என்கிற பாணியில் ஐந்தாறு வரிகள். மரக்கன்று நடும் படம் வந்தாலும் அதே வரிகள்தான், முதியவரைச் சாலை கடக்க வைக்கும் படம் வந்தாலும் அதே வரிகள்தான். படத்தைப் பார்க்காமலே எழுதிவிடலாம், மதிப்பெண்ணும் விழுந்துவிடும். இதைக் கண்டுபிடித்த டியூஷன் மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. படத்தை வாசிக்கச் சொல்லித் தராமல் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால் பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்?

சிரிப்பு மூட்டும் படத்துணுக்கு, எதையும் ஆராய்ந்து வாசிக்கிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமா என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. கொடுக்கும், ஆனால் தானாகக் கொடுக்காது என்பது என் முடிவு. சிரித்ததோடு விட்டுவிட்டால் அது இடைவேளைக்கு ஒரு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவே. யாரைப் பார்த்துச் சிரித்தோம், ஏன் சிரித்தோம் என்று வகுப்பு ஒருமுறை திரும்பிப் பார்க்கும்போதுதான் வேலை ஆரம்பமாகிறது. வடசென்னையை வைத்து இதைப் பேசக் காரணம் இருக்கிறது. தமிழ்ச் சிரிப்பின் சரித்திரத்தில் இந்தப் பகுதி மக்கள் பெரும்பாலும் சிரிக்கப்படும் பக்கத்திலேயே நிற்க வைக்கப்பட்டவர்கள்.

நம் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி ஒரு பழைய கணக்கு உண்டு. பிசா என்ற பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டின் 2009 சுற்றையொட்டி நடந்த தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. வாசிப்பில் தமிழ்நாட்டின் சராசரி 337. வளர்ந்த நாடுகளின் சராசரி 493. அடிப்படை நிலையைத் தொட்டவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடு மட்டுமே. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தாதவை என்று அப்போது சமாதானம் சொல்லப்பட்டது. ஆனால் அந்தத் தேர்வு முறையின் புகழ்பெற்ற மாதிரி வினா ஒன்றைப் பாருங்கள். சுவரில் கிறுக்குவதைக் கண்டித்து ஒரு கடிதம், அதை ஆதரித்து இன்னொரு கடிதம். நீ யார் பக்கம் என்று ஒரு கேள்வி. உன் கட்சி எதுவாக இருந்தாலும் சரி, எந்தக் கடிதம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்று அடுத்த கேள்வி. சுவர் பிடிப்பதற்கே கட்சிகள் மல்லுக்கு நிற்கிற ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த விஷயம் அந்நியமாக இருக்க வழியில்லை. இந்த மாதிரி யாரும் அவனைக் கேட்டதில்லை, அதுதான் சங்கதி.

தமிழில் கேலிச்சித்திரம் பிறந்ததே வாசிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டுதான். 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதி அரசியல் கேலிச்சித்திரங்களை முறையாக வெளியிட்டார். படத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதில் இருப்பது யார், எதற்காக அப்படி நிற்கிறார் என்று விளக்கமும் எழுதினார். படத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கெல்லாம் அதை வாசிக்கவும் தெரியும் என்று அவர் நினைக்கவில்லை போலும். பிற்பாடு ஆனந்த விகடனில் மாலியும் கோபுலுவும் வந்தபோது அந்த விளக்கக் குறிப்பு தேவைப்படாமல் போனது. வாசகர் பழகிவிட்டார். கோபுலு வசனமே இல்லாமல் கட்டங்களை மட்டும் அடுக்கிச் சிரிக்க வைத்தார். மதனின் ரெட்டைவால் ரெங்குடுவும் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவும் வீட்டில் ஒருவராகவே ஆகிவிட்டார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைக்கு வந்த சரக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய காசிமேட்டு டீக்கடைக்கு வந்தது தினத்தந்தி. 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு இன்றும் அதில் ஓடுகிறது. அது சிரிப்புக்கதை கிடையாது. ஆனால் நேற்றைய கட்டத்தை நினைவில் வைத்து இன்றைய கட்டத்தைப் படிக்கும் பழக்கத்தை, பள்ளிக்கூடம் பாதியில் விட்டவர்களுக்கும் அது கொடுத்தது. முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் எதற்கும் கன்னித்தீவு என்று பெயர் வைக்கிற அளவுக்கு ஊர் அதை உள்வாங்கியிருக்கிறது.

இந்த வடிவத்தில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை இடைவெளி. முதல் கட்டத்தில் ஒருவர் வாழைப்பழத் தோலை நோக்கி நடந்து வருகிறார், அடுத்த கட்டத்தில் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். விழுந்ததை யாரும் வரையவில்லை, வாசகர்தான் விழ வைக்கிறார். 1993-இல் வந்த தன் நூலில் காமிக்ஸ் ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் இதைத்தான் காமிக்ஸ் கலையின் உயிர்நாடி என்றார். ஊகித்தறிதல் என்று நாம் பாடத்திட்டத்தில் கனமாக எழுதி வைத்திருக்கும் திறன் இதுவே. சிரிப்புத் துணுக்கில் இன்னொரு வசதியும் உண்டு. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள முரணைப் பிடித்தால்தான் சிரிப்பு வரும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று டீச்சர் விடைத்தாளைத் திருத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. சிரிப்பு எந்த பெஞ்சிலிருந்து முதலில் வருகிறது, எந்த பெஞ்சு பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துவிட்டுத் தாமதமாகச் சிரிக்கிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆய்வுகள் சொல்வதையும் பார்த்துவிடலாம். 1954-இல் அமெரிக்க மனநல மருத்துவர் பிரெட்ரிக் வெர்தம், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதி ஒரு பீதியையே கிளப்பினார். அவர் தன் சான்றுகளைத் திரித்திருந்தார் என்பதை 2012-இல் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய ஆவணங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். நம் வீடுகளில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து இரும்புக்கை மாயாவி படித்து அடி வாங்கிய தலைமுறைக்கு அந்தச் செய்தி அறுபது வருஷம் தாமதமாக வந்தது. மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன், இலகுவான வாசிப்பு கனமான வாசிப்புக்குப் பாலமாகும் என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். இரண்டாம் மொழி கற்பவர்களிடம் ஜுன் லியு நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு அதிகப் பயனுள்ளதாகப் படுகிறது. கடினமான பாடத்தோடு, அதே செய்தியைத் திரும்பச் சொல்லும் படத்துணுக்கையும் கொடுத்தபோது மொழித்திறன் குறைந்த மாணவர்களுக்குப் புரிதல் நன்றாகவே கூடியது. ஏற்கெனவே திறன் மிகுந்தவர்களுக்கு அந்த அளவு பலனில்லை. காமிக்ஸ் ஆய்வாளர் நீல் கோன் இதற்கு இன்னொரு எச்சரிக்கை சேர்க்கிறார்: படக்கட்டங்களை வாசிப்பதே பழகிக் கற்க வேண்டிய ஒன்று, கண் இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. கட்டத்தை எந்த வரிசையில் படிப்பது, வசன பலூனுக்கும் நினைப்பு பலூனுக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் சொல்லித் தராமலே தெரியும் என்று எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் முதல் வாரத்திலேயே திணறுவார்.

இந்த ஆய்வுகளில் பலவும் புரிதலை அளக்கின்றன. ஆராய்ந்து வாசிப்பதை அளப்பவை குறைவு. புரிந்துகொள்வது வேறு, புரிந்ததைக் கேள்வி கேட்பது வேறு. காமிக்ஸை வகுப்புக்குள் கொண்டுவந்தால் போதும் என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

கேள்வி கேட்பதற்கு ஒரு கருவி நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கைச் சொல்கிறார். இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம், பயன்படுத்துவதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் பத்துத் துணுக்குகளைக் கொடுத்து இந்த நான்கில் எதில் எது சேரும் என்று பிரிக்கச் சொன்னால் வகுப்பில் சண்டையே நடக்கும். நல்ல சண்டை. ரெங்குடு இளமை என்பதில் தகராறு இல்லை. டிங்கிள் இதழில் 1983-இல் அறிமுகமான சுப்பாண்டியை எங்கே வைப்பது? அறியாமல் செய்தால் பேதைமை. பிறர் கற்பித்ததைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது மடன் என்று உரைகாரர்கள் பிரித்துக் காட்டுவார்கள். முதலாளி சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே நிறைவேற்றி வீட்டைக் கலைக்கிற சுப்பாண்டிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. உடனே ஒரு பெண் எழுந்து, சொன்னபடி செய்த வேலைக்காரனை முட்டாள் என்கிறோமே, அரைகுறையாகச் சொன்ன முதலாளி யார் என்று கேட்டால், டீச்சர் அன்றைக்குச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். மீதியை வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

நாலில் சிக்கலானது எள்ளல். வடசென்னைக்கும் அதற்கும் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் பத்திரிகைத் துணுக்குகளில் ரிக்‌ஷாக்காரரும் வீட்டு வேலை செய்யும் பெண்மணியும் கட்டம் போட்ட கைலிக்காரரும் 'இன்னா சார்' என்று வாயைத் திறந்தாலே சிரிப்பு என்பது ஏற்பாடு. சினிமாவில் சந்திரபாபு தொடங்கி தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் வரை அந்தப் பேச்சே வயிறு வளர்த்தது. துறைமுகமும் ரயிலும் ஆலைகளும் பல திசைகளிலிருந்து இழுத்து வந்த மக்கள் சேர்ந்து பேசிப் பேசி உருவாக்கிய பேச்சு அது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். துணுக்கில் அந்தச் சரித்திரம் எதுவும் வராது, பேச்சு மட்டும் கோமாளி வேஷத்தில் வரும். அப்படியொரு துணுக்கைத் திருவொற்றியூர் வகுப்பில் ஒட்டினால் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். சிரிப்பாக இருந்தால் சிரிக்கத்தான் வேண்டும், தடுப்பது அபத்தம். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து பார்க்கச் சொல்லலாம்: அதே வசனத்தை, பொருளை மாற்றாமல், மயிலாப்பூர்ப் பேச்சிலோ பாடநூல் தமிழிலோ எழுதிப் பார்ப்பது. சிரிப்பு மிஞ்சினால் அந்தத் துணுக்கில் சரக்கு இருக்கிறது. மிஞ்சாவிட்டால் நாம் சிரித்தது ஒரு ஊரைப் பார்த்து. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற இதே கேள்வி 2012-இல் நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. என்சிஇஆர்டி-யின் பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் சங்கர் 1949-இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று இருந்தது. அரசமைப்புச் சட்டம் என்கிற நத்தை மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருக்க, பின்னால் நேரு சாட்டையோடு நிற்கும் படம். தொல். திருமாவளவன் அதை அவையில் எழுப்பினார். நூலின் முதன்மை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்சிகரும் பதவி விலகினார்கள். அடுத்த மாதமே பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருந்த ஆர்.கே. லட்சுமணின் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டக் கேலிச்சித்திரம் தமிழ்நாட்டில் கொந்தளிப்பைக் கிளப்பியது. போராடிய மாணவனுக்கு ஆங்கிலமும் வாசிக்கத் தெரியவில்லை என்ற பொருளில் அதன் கீழே ஒரு வாசகம். உயிரைக் கொடுத்தவர்கள் உள்ள போராட்டத்தைப் பற்றிய படம் அது என்பதை நினைத்தால் தி.மு.க.வின் கோபம் விளங்கும். பாடநூல் படங்களை ஆராயப் பேராசிரியர் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பல படங்களை நீக்கப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் மாறுபட்டு எழுதிய ஒரே உறுப்பினர் தமிழ்நாட்டு அறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன். திராவிட இயக்கத்தைப் பற்றியும் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றியும் எழுதியவர், அந்தக் கோபத்தின் வேர் தெரியாதவர் அல்லர். நீக்க வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு அதனாலேயே எடை கூடுகிறது.

இரண்டு புகார்களுமே சரியான விமர்சன வாசிப்புகள் என்றுதான் நான் நினைக்கிறேன். சாட்டை யார் கையில், அது யார் முதுகை நோக்கி, வரைந்தவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதைத்தான் அவர்கள் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வியைத் தலைவர்கள் கேட்டு முடித்துவிட்டுப் படத்தை எடுத்துவிட்டால், பதினாறு வயதுப் பிள்ளை கேட்பதற்கு என்ன மிச்சம்? படத்துக்குப் பக்கத்திலேயே தலித் மாணவர் ஒருவரின் ஆட்சேபத்தையும் 1965 போராட்டக்காரர் ஒருவரின் பதிலையும் அச்சிட்டிருந்தால் அது இந்தியாவின் மிகச் சிறந்த பாடப்பக்கமாக ஆகியிருக்கும். நம் மாநிலத்தில் 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றமே சிறைத் தண்டனை விதித்ததையும், 2025-இல் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டதையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கலாம். அந்த 1987 துணுக்கில் யார் பெயரும் இல்லை. மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் இன்னொருவருக்கு அடையாளம் சொல்கிறார், அவ்வளவுதான். இல்லாத பெயரை நிரப்பிக்கொண்டவர்கள் வாசித்தவர்கள்.

இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளே கேட்கும் வகுப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, இனி வடசென்னையின் எண்ணூருக்கு வருவோம். ஒரு துணுக்கைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் கட்டத்தில் முகத்துவாரத்தின் கரையில் வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி மைக் பிடித்து, காற்று மிகத் தூய்மையாக உள்ளது என்கிறார். இரண்டாவது கட்டத்தில் அதே வசனத்தைத் தொடர்கிறார், பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. மூன்றாவதில் வசனம் இல்லை. சட்டை சாம்பல் நிறம். நான்காவதில் இருமிக்கொண்டே, 'இது பனி' என்கிறார். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பையன், 'ஏப்ரல் மாசத்துலயா சார்?' என்கிறான்.

முதல் கேள்வி எளிது: வாய் சொல்வதும் படம் சொல்வதும் எந்தக் கட்டத்தில் பிரிகின்றன? இரண்டாவது, நாலு கட்டத்துக்குள் எந்தச் சட்டையும் இப்படிக் கறுக்காது. அப்படியானால் வரைந்தவர் பொய் சொல்கிறாரா? மிகைக்கும் பொய்க்கும் எங்கே எல்லை என்று இங்கே அரைமணி நேரம் பேசலாம். இதுவரை எல்லாப் பிள்ளைகளும் உற்சாகமாக வருவார்கள், ஏனென்றால் துணுக்கு அவர்கள் கட்சி. மூன்றாவது கேள்விதான் கடினம்: இந்தத் துணுக்கு எதை மறைக்கிறது? புகைபோக்கிக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் படத்தில் இல்லை. வகுப்பில் யாரோ ஒருவரின் அப்பா அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கலாம். அந்த ஆலையின் மின்சாரத்தில் ஓடும் ஃபேன் படத்தில் இல்லை. அதிகாரி முட்டாள், பையன் கெட்டிக்காரன் என்று பங்கு பிரித்துக் கொடுத்து, படிக்கிற நம்மையும் கெட்டிக்காரன் பக்கத்தில் உட்கார வைத்து முதுகைத் தட்டிக் கொடுக்கிறது துணுக்கு. நமக்கு எதிரான கேலியைச் சந்தேகிக்க யாருக்கும் பாடம் வேண்டாம். நமக்குச் சாதகமான கேலியைச் சந்தேகிக்கத்தான் பயிற்சி வேண்டும். அதன் பிறகு 2023 டிசம்பர் செய்திகளை எடுத்து வைக்கலாம்: மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் வந்து படிந்த எண்ணெய், அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தை எழுப்பிய அம்மோனியா கசிவு. ஒரே நிகழ்வைப் பற்றி நாளிதழ் செய்தி, அரசின் அறிக்கை, மீனவர் சங்கத்தின் மனு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, துணுக்கிடம் கேட்ட அதே மூன்று கேள்விகளை இவற்றிடமும் கேட்கச் சொல்ல வேண்டும். துணுக்கில் பழகிய கண் அறிக்கையில் விடுபட்டதையும் தேடும். தேடாவிட்டால் இத்தனை நேரம் செய்தது வீண்.

மீம் பற்றிப் பேசாமல் இன்று இந்த விஷயத்தை முடிக்க முடியாது. பிள்ளைகள் கையில் இருக்கும் படத்துணுக்கு அதுதான். இரண்டு கட்டம், வடிவேலு முகம், மேலே ஒரு வரி. 2019 மே மாதம் 'ஃப்ரண்ட்ஸ்' படத்து காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தித்தது. ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தின் கீழே ஒரு தமிழர் விளையாட்டாகப் போட்ட பதிலிலிருந்து கிளம்பியது அது. அவர் நிஜ மனிதர் என்று நம்பியவர்களும் உண்டு. சிரித்த நமக்குக் கதை தெரியும், நம்பியவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். நாளைக்கு வேறொரு ஊர் மீமில் நாம் அவர்கள் இடத்தில் இருப்போம். மீம் பகிர்வதில் தேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவனிடம் மூலப் படம் எது, எந்தக் காட்சி, அங்கே வசனம் என்ன, இங்கே எதை மாற்றியிருக்கிறார்கள் என்று கேட்டால் ஆசிரியரைவிட நன்றாகச் சொல்வான். அவனிடம் இருக்கும் இந்தத் திறமை பாட வேளையில் கணக்கில் வருவதே இல்லை.

இதற்கெல்லாம் அரசுப் பள்ளியில் இடமுண்டா? இடம் இருக்கிறது. புதுமைக்குப் பழகாத மண் அல்ல இது. செயல்வழிக் கற்றல் 2003-இல் தொடங்கியதே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான். அதன் அட்டைகளில் படங்கள் நிறைய இருந்தன, ஆனால் அவை வழிகாட்டிப் பலகைகள். வாசிக்கப்பட வேண்டியவை அல்ல. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், மாணவர்களுக்கான ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள், 2023-இல் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சிறு நூல்களைக் கொடுத்த வாசிப்பு இயக்கம் எல்லாமே நல்ல காரியங்கள். வாசிக்க வைப்பதே பெரும்பாடாக இருக்கும்போது ஆராய்ந்து வாசிக்கச் சொல்வது ஆடம்பரம் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையால் கூட வசனமில்லாத துணுக்கு ஒன்றைப் பற்றி நியாயமாக வாதாட முடியும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குச் சமமாக அவள் பேச முடிகிற பாடவேளை வாரத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

வாசித்தவர்கள் வரையவும் வேண்டும். டெல்லியில் இயங்கும் வேர்ல்ட் காமிக்ஸ் இந்தியா பரப்பிய சுவரொட்டிக் காமிக்ஸ் முறை இதற்குத் தோதானது: இரண்டு ஏ4 தாள், நாலு கட்டம், கறுப்பு மை, ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஒட்டினால் தீர்ந்தது. ஓவியம் வராது என்கிற பிள்ளைக்கும் குச்சி மனிதன் வரும். வரையும்போதுதான் மூன்றாவது கட்டத்தில் யாரை விட்டுவிடுவது, கடைசிக் கட்டத்தில் யாரை விழ வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முதல் சுற்றில் விழுபவர் பெரும்பாலும் வகுப்பிலேயே குண்டான பையனாகவோ, திக்கிப் பேசும் பெண்ணாகவோ இருப்பார். டீச்சர் மயிலாப்பூர்ச் சோதனையை அப்போது மறுபடி எடுக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் துணிச்சல் வந்து, மதியச் சாப்பாட்டு முட்டையோ பூட்டிக் கிடக்கும் கழிப்பறையோ வரும். மூன்றாம் சுற்றில் டீச்சரே வருவார், கையில் பிரம்போடு. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுவதா மேஜை டிராயரில் போடுவதா என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு விவாதம் நடக்கும். ஒட்டுவது என்று முடிவானால், பக்கத்தில் இன்னொரு தாளில் டீச்சரும் தன் நாலு கட்டத்தை வரைந்து பதில் போடலாம். எது நன்றாக வரையப்பட்டிருக்கிறது, யார் சொல்வது சரி என்ற இரண்டு கேள்விக்கும் தனித்தனியாக ஓட்டுப் போடச் சொல்லி வகுப்பிடமே விட்டுவிடலாம்.